பின்னால் வருவோரின் பங்கு

உழைத்து ஓய்ந்தவருக்கு உயிருள்ளவரை உதவித்தொகை வழங்குவது அரசின் கடமைதானா? கடமையெனில், அதற்குரிய பணம் எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? இக்கேள்விகள் இன்று நாடுகள் பலவற்றில் ஓங்கி ஒலிக்கின்றன. அமெரிக்காவில் 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோன்றிய முதியோர் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 ஆம் ஆண்டளவில் தீர்ந்துவிடும் என்று அதன் பொறுப்பாளர்களே கணக்கிட்டு அறிவித்துள்ளனர். நம் நாட்டில் 2004 ஜனவரி முதல் நாளிலிருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு, படைத்துறையினர் நீங்கலாக, பழைய முறை ஓய்வூதியம் இல்லையென்று வகுக்கப்பட்டது. தமிழகத்தில் அந்த எல்லைக்கோடு 2003 ஏப்ரல் முதல் நாளில் இழுக்கப்பட்டது. ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து ஒரே கோப்பைப் புரட்டும் இருவரில், மார்ச்சில் சேர்ந்தவர்க்கு ஒரு நீதி, ஏப்ரலில் சேர்ந்தவர்க்கு வேறொரு நீதி. அக்குறை தீரவேண்டி எழுந்த கிளர்ச்சிகளும், 2025 ஏப்ரலில் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய மூன்றாவதொரு திட்டமும் வாசகர்கள் அறிந்தவையே.

இதனைப் புதுயுகத்தின் வழக்கென்றே பலரும் கருதுகின்றனர். செர்மனியில் பிஸ்மார்க் 1889 இல் இயற்றிய சட்டத்துக்கு அப்பால் அவர்தம் நினைவு செல்வதில்லை. ஆனால் இதே வழக்கு ஹிஜ்ரி இரண்டாவது பத்தாண்டில் மதீனாவில், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழர்களிடையே, நாள்கணக்கில் நடைபெற்றுள்ளது. அதன் விளைவாக எழுந்த உதவித்தொகைப் பதிவேடு சற்றேறக்குறைய 190 ஆண்டுகள் நிலவியது. நம் மீலாத் மேடைகளில் அப்பதிவேட்டின் தொடக்கத்தைப் பற்றிப் பெருமிதத்துடன் பேசுகிறோம். அதன் முடிவைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு வரலாறாகும்.

முதலில் நிலத்தைப் பற்றிக் கூறவேண்டும். காதிஸிய்யா, ஜலூலா ஆகிய போர்களுக்குப் பின் யூப்ரட்டீஸ், டைக்ரிஸ் ஆறுகள் பாயும் செழுநிலம் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. அரபிகள் அதனை ‘ஸவாத்’ என்றழைத்தனர். கருமை என்பது அச்சொல்லின் பொருள். பாலையிலிருந்து வருவோரின் கண்ணுக்கு அடர்ந்த பயிரின் பசுமை தொலைவில் கறுத்துத் தோன்றியதால் வந்த பெயர் அது. போரில் கைப்பற்றிய பொருள்களில் ஐந்திலொரு பங்கை ஒதுக்கி, எஞ்சிய நான்கு பங்கைப் படைவீரர்க்குப் பகிர்ந்தளிப்பது வழக்கம். அவ்வாறே இந்நிலத்தையும், அதில் உழுது பயிரிடுவோருடன் சேர்த்துத் தமக்குப் பங்கிட்டுத் தரவேண்டும் என்று படையினர் கேட்டனர். தளபதி ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் இதுபற்றிக் கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு எழுதினார்கள். கால்நடைகளையும் பொருள்களையும் பங்கிடுமாறும், நிலத்தையும் ஆறுகளையும் அவற்றில் உழைப்போரிடமே விட்டுவைக்குமாறும் கலீஃபாவிடமிருந்து மறுமொழி வந்தது.

மறுமொழி வந்ததே தவிர, வாதம் ஓயவில்லை. நிலத்தைப் பங்கிடுமாறு வற்புறுத்தியோர் யாவர்? சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மருள் இருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகியோரும், இஸ்லாத்தின் முதல் முஅத்தின் பிலால் (ரலி) அவர்களும் அவர்களுள் அடங்குவர். பேராசைக்காரர் எவரும் அப்பட்டியலில் இல்லை. அவர்களின் வாதமும் எளிதில் ஒதுக்கித் தள்ளத்தக்கதன்று. வாளேந்திப் போராடியவர்க்கு அல்லாஹ் அளித்த பொருளை, போர்க்களத்தையே காணாதவர்க்கும், அவர்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்கும் ஒதுக்கி வைப்பது எப்படி நியாயமாகும் என்று அவர்கள் கேட்டனர். கைபர் நிலத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பங்கிட்டளித்த முன்மாதிரியும் அவர்களுக்கு இருந்தது. (கைபரிலும் பாதியே பங்கிடப்பட்டது, மறுபாதி தூதுக்குழுக்களுக்கும் எதிர்பாராத் தேவைகளுக்கும் வைக்கப்பட்டது என்ற அறிவிப்பும் உண்டு.) பிலால் (ரலி) அவர்களின் வாதம் எத்துணைக் கடுமையாக இருந்ததெனில், அவரிடமிருந்தும் அவருடைய தோழர்களிடமிருந்தும் தம்மைக் காக்குமாறு கலீஃபா இறைவனிடம் முறையிட்டதாகவே எழுதியுள்ளனர்.

உமர் (ரலி) அவர்களின் எதிர்வாதம் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. எல்லைகளைக் காக்க ஆட்கள் வேண்டும். ஷாம், ஜஸீரா, கூஃபா, பஸ்ரா, மிஸ்ரு ஆகிய இடங்களில் படை நிற்க வேண்டும். அவர்களுக்கு இடையறாது ஊதியம் அளிக்க வேண்டும். நிலத்தையும் உழவரையும் இன்றே பிரித்துக் கொடுத்துவிட்டால், நாளை அந்த ஊதியம் எங்கிருந்து வரும்? அநாதைக்கும் விதவைக்கும் எங்கிருந்து வரும்? இவ்வாறு வினவிய அன்னார், அவ்ஸ் குலத்தில் ஐவர், கஸ்ரஜ் குலத்தில் ஐவர் எனப் பத்து அன்ஸாரிப் பெருமக்களை அழைத்து அவர்கள்முன் தம் வழக்கை வைத்தார்கள். கலீஃபா தம் வழக்குக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொள்ளவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஷாம் நாட்டு ஜாபியாவில் இதே வினா எழுந்தபோது முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் கூறியதை அபூ உபைத் தம் ‘கிதாபுல் அம்வால்’ என்ற நூலில் பதிந்துள்ளார். நிலத்தைப் பங்கிட்டால் பெரும் வருவாய் இன்றைய சிலரின் கைக்குப் போய்விடும். அவர்கள் மறைந்ததும் அது வாரிசு வழியே சுருங்கி ஓர் ஆணிடமோ ஒரு பெண்ணிடமோ போய்ச் சேர்ந்துவிடும். அவர்களுக்குப் பின் வந்து இஸ்லாத்தைத் தாங்கி நிற்போர் கைநீட்டும்போது ஒன்றும் இராது. ஆதலின் முன்னவர்க்கும் பின்னவர்க்கும் இடம் தரும் வழியைத் தேடுங்கள். இதுவே அவர்தம் கருத்து. இன்று ஓய்வூதியக் கணக்கர்கள் தலைமுறைகளிடையே சமநீதி என்று பக்கம் பக்கமாக எழுதுவதன் சாரமெல்லாம் இதில் அடங்கிவிட்டது எனலாம்.

இரண்டு மூன்று நாள்கள் வாதம் நீடித்தது. இறுதியில் உமர் (ரலி) அவர்களுக்குத் திருமறையின் ஹஷ்ர் அத்தியாயத்தில் விடை கிடைத்தது. போரின்றிக் கிடைத்த பொருளுக்கு உரியோரை அவ்வத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. அநாதைகள், ஏழைகள், வழிப்போக்கர் ஆகியோரைக் கூறுகிறது. செல்வர்களிடையே மட்டும் செல்வம் சுழலக்கூடாது என்ற காரணத்தையும் தெரிவிக்கிறது. பின்னர் முஹாஜிர்களையும், அடுத்து அன்ஸாரிகளையும் சொல்கிறது. அதனோடு நிற்கவில்லை, அவர்களுக்குப் பின் வந்தோரையும் சேர்க்கிறது. இந்தக் கடைசிச் சொல்லைப் பற்றிக்கொண்டே கலீஃபா வழக்கை வென்றார்கள். பின்னால் வருவோர்க்கும் பங்குண்டு எனில், முன்னால் வந்தோர் முழுவதையும் எடுத்துக்கொள்வது எங்ஙனம்? அலீ (ரலி), உஸ்மான் (ரலி), தல்ஹா (ரலி) ஆகியோர் கலீஃபாவின் கருத்துக்கு இசைந்திருந்தனர். நிலம் பங்கிடப்படாது நின்றது.

அதன் பின்னர், உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி), ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) ஆகிய இருவரும் நிலத்தை அளக்க அனுப்பப்பட்டனர். 3 கோடியே 60 லட்சம் ஜரீப் என்று அளவு கண்டதாக அபூ யூஸுஃப் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் எழுதியுள்ளார். ஒரு ஜரீப் என்பது ஏறத்தாழ நம் நாற்பது சென்ட். விளைச்சலுக்கேற்ப வரி வகுக்கப்பட்டது. ஓர் அறிவிப்பின்படி கோதுமை நிலத்துக்கு ஜரீபுக்கு 4 திர்ஹமும் வாற்கோதுமை நிலத்துக்கு 2 திர்ஹமும் விதித்தனர். இந்த வருவாயே பின்னர் எழுந்த மாளிகையின் அடித்தளம்.

இனி, பதிவேட்டைப் பற்றிக் காண்போம். பஹ்ரைனிலிருந்து அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஐந்து லட்சம் திர்ஹம் கொண்டுவந்தார்கள். தொகையைக் கேட்ட கலீஃபா, என்ன சொல்கிறீர் என்று தெரிந்துதான் சொல்கிறீரா என வினவினார்கள். அபூஹுரைரா (ரலி) ஒரு லட்சம், ஒரு லட்சம் என்று ஐந்து முறை எண்ணிக் காட்டினார்கள். தூக்கக் கலக்கத்தில் பேசுகிறீர், போய் உறங்கிவிட்டுக் காலையில் வாரும் என்றார்களாம் கலீஃபா! மறுநாள் மக்களிடம், அளந்து தருவதா எண்ணித் தருவதா என்று கேட்டபோது, பிறநாட்டார் இதற்கென ஒரு பதிவேடு வைத்திருக்கின்றனர் என்று ஒருவர் எடுத்துரைத்தார். அதுதான் ‘திவான்’. பதிவேட்டைக் குறித்த இச்சொல், பின்னர் அலுவலகத்தைக் குறித்து, அதன்பின் அலுவலரைக் குறித்து, இறுதியில் புதுக்கோட்டைக்கும் திருவிதாங்கூருக்கும் அமைச்சரின் பட்டமாக வந்து சேர்ந்தது.

இதிலும் கருத்து வேற்றுமை எழாமல் இல்லை. சேர்வதை ஆண்டுதோறும் முழுவதும் பங்கிட்டுவிட வேண்டும், எதையும் நிறுத்திவைக்கலாகாது என்பது அலீ (ரலி) அவர்களின் யோசனை. பொருள் பெருகிவிட்டது, பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று எண்ணி எழுதாவிடில் குழப்பம் நேரும் என்பது உஸ்மான் (ரலி) அவர்களின் யோசனை. ரோமரின் திவானைப் போன்றதொரு திவானா என்று ஐயுற்றுக் கேட்டவர் அபூஸுஃப்யான் (ரலி) அவர்கள். மக்கள் இதனையே நம்பி வணிகத்தைக் கைவிட்டுவிடுவர் என்று அவர்கள் எச்சரித்ததைப் பலாதுரீ குறித்துள்ளார். மக்காவின் பெருவணிகரல்லவா! வேறு வழியில்லை, பொருள் மிகுந்துவிட்டது என்றே கலீஃபா மறுமொழி பகர்ந்தார்கள். அந்த எச்சரிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

குறைஷியரின் வமிசாவளியை நன்கறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய மூவரும் பதிவேட்டை எழுதினர். இது ஹிஜ்ரி 15 இல் என்பாரும் உளர். 20 இல், அதாவது கி.பி. 641 இல் என்பாரே மிகுதி. கலீஃபாவின் குலமாகிய பனூ அதீயை முன்வைக்காது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குலமாகிய பனூ ஹாஷிமிலிருந்து தொடங்கினர். பத்ருப் போரில் கலந்துகொண்டோர்க்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம். அதற்குப் பின் இஸ்லாத்துக்கும் போருக்கும் வந்தோர்க்குப் படிப்படியாகக் குறைந்து, 300, 200 என்றும் இறங்கியது. நபிகளாரின் துணைவியர்க்கு எவரினும் மிகுதி. தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு அளித்ததைவிட உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களுக்குக் கூடுதலாக அளித்து, மகன் காரணம் கேட்டபோது, உஸாமாவும் அவருடைய தந்தையும் நபிகளாருக்கு நம்மினும் அன்புக்குரியோராய் இருந்தனர் என்று கலீஃபா விளக்கியது பலரும் அறிந்த வரலாறு.

தானியப்படி வகுத்த விதம் இன்னும் சுவையானது. ஒரு ஜரீப் தானியத்தை (முகத்தலளவைக்கும் இதே பெயர்) மாவாக்கி, ரொட்டி சுட்டு, முப்பது பேரை அழைத்துக் காலையில் உண்ணச் செய்தார்கள். மாலையிலும் அவ்வாறே இன்னொரு ஜரீப். முப்பது பேரின் ஒரு நாள் உணவு இரண்டு ஜரீப் எனில், ஒருவரின் முப்பது நாள் உணவும் அதுவே. எனவே ஆளுக்கு மாதம் இரண்டு ஜரீப் என்று முடிவாயிற்று. ஊகத்தால் ஓர் அளவை நிர்ணயிக்க அன்னாரின் மனம் ஒப்பவில்லை.

பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று முதலில் விதி இருந்தது. ஓரிரவு, ஊருக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த கலீஃபாவின் செவியில் ஒரு குழந்தையின் அழுகுரல் விழுந்தது. இருமுறை சென்று தாயிடம் கேட்டும் அழுகை ஓயவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது, வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய், பால்குடி மறக்கடித்த குழந்தைக்குத்தான் உமர் தொகை தருகிறார், ஆகவே காலத்துக்கு முன்பே மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அன்னார் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லையாம். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அன்றே தொகை உண்டு என்று நாடெங்கும் ஓலை பறந்தது. நல்லெண்ணத்துடன் வகுத்த விதியொன்று எங்கோ ஓர் ஏழைத் தாயின் கையை எவ்வாறு திருப்பிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

முதுமைக்கு உதவியளித்ததைப் பற்றியும் இரண்டு செய்திகள் அபூ யூஸுஃபின் நூலில் உள்ளன. முதல் கலீஃபாவின் காலத்தில் ஹீரா மக்களுடன் காலித் இப்னுல் வலீத் (ரலி) செய்துகொண்ட உடன்படிக்கையில், முஸ்லிமல்லாத முதியவர், நோய்வாய்ப்பட்டவர், செல்வம் இழந்து வறியவரானவர் ஆகியோரிடமிருந்து ஜிஸ்யா வரி நீக்கப்படும் என்றும், அவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் பைத்துல் மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்றும் எழுதப்பட்டது. மற்றது உமர் (ரலி) காலத்தது. பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாயிலொன்றில் நின்று பிச்சை கேட்பதைக் கண்ட கலீஃபா, அவரைத் தம் இல்லம் அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பின்னர் பைத்துல் மாலின் காப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றோரையும் கவனியும் என்றும், இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுதல் நீதியன்று என்றும் கூறினார்கள். ஓய்வூதியத்தின் அறம் இது. இதில் குலமும் இல்லை, சமயமும் இல்லை. ஒருவரின் உழைப்பைப் பயன்படுத்திய சமூகம் அவர் தளர்ந்தபோது கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணமே இருக்கிறது.

இப்பொழுது நிதி நிலைக்கும் வழியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். எதிர்பாராத தேவைக்கென்று கருவூலத்தில் கொஞ்சம் சேமித்து வைத்தாலென்ன என்று ஒருவர் கேட்டார். ஷைத்தான் உம் நாவில் இட்ட சொல் இது, எனக்குப் பின் வருவோர்க்கு இது ஒரு சோதனையாகிவிடும் என்று உமர் (ரலி) அவர்கள் கடிந்துரைத்ததாகத் தபரீ எழுதுகிறார். முதற்பார்வைக்கு இது முரணாகத் தோன்றும். நிலத்தைப் பங்கிடாது பின்னவர்க்கென்று காத்தவர், நாணயத்தைச் சேர்த்துவைக்க ஏன் மறுத்தார்? என் சிற்றறிவுக்கு எட்டியவரை இதில் முரண் ஏதுமில்லை. குவித்து வைத்த பணம் ஆள்வோரின் கைக்கு எளிதில் அகப்படும். விளையும் நிலமோ ஆண்டுதோறும் புதிதாகத் தரும். ஆகவே பொருளின் ஊற்றைக் காத்து, ஊறிய நீரை அவ்வப்போது பகிர்ந்துவிடுவதே அன்னாரின் முறை. ஆனால் ஊற்றுக்கு உரியோர் உழவர்கள். வரி அவர்களின் வியர்வை. அதனை மறக்காதவர் உமர் (ரலி) என்பதற்குப் புகாரீயில் சான்று உண்டு. கத்தியால் குத்தப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன், நிலம் அளந்த அவ்விருவரையும் நிறுத்தி, தாங்க முடியாத சுமையை நிலத்தின்மீது ஏற்றிவிட்டீர்களோ என்று கேட்டார்கள். இல்லை என்றனர் இருவரும். அல்லாஹ் ஆயுளளித்தால், எனக்குப் பின் எவரிடமும் கையேந்தத் தேவையில்லாத நிலையில் இராக்கின் விதவைகளை விட்டுச் செல்வேன் என்று அப்போது கலீஃபா கூறினார்கள். நான்கு நாள்கள்கூட முழுதாகக் கழியவில்லை.

திட்டத்தில் குறையே இல்லையா? இருந்தது. முன்னவர்க்கு மிகுதி, பின்னவர்க்குக் குறைவு என்ற படிவரிசைதான் அக்குறை. அபூபக்ர் (ரலி) அவர்கள் அனைவருக்கும் சமமாகவே பங்கிட்டிருந்தார்கள். வாழ்வின் இறுதியில் உமர் (ரலி) அவர்களும் அடுத்த ஆண்டிலிருந்து சமமாக்கிவிட எண்ணியதாக அறிவிப்புகள் உண்டு; அந்த அடுத்த ஆண்டு வரவில்லை. முதலில் வந்தோர் மிகுதியாகப் பெறுவது இத்தகைய திட்டங்களின் இயல்பு போலும். அமெரிக்கத் திட்டத்தில் 1940 ஜனவரியில் முதல் மாத ஓய்வூதியம் பெற்ற ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மையார் செலுத்தியிருந்த சந்தா 24 டாலர் 75 சென்ட். நூறு வயது வாழ்ந்து 1975 இல் மறைவதற்குள் பெற்றது 22,888 டாலருக்கும் மேல்! முதல்வரிசையினர் பெற்றதைக் குறைகூற மனம் வராது. ஆனால் கடைசி வரிசையில் நிற்பவர் யார் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது.

அந்தக் கேள்விதான் உமைய்யாக்களின் காலத்தில் வெடித்தது. பதிவேடு முதலில் நன்றாகவே நடந்தது. முஆவியா (ரலி) காலத்தில் மிஸ்ரில் ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் ஆளை அமர்த்தி, அவர் நாள்தோறும் காலையில் சுற்றி வந்து, இரவு குழந்தை பிறந்ததா, புதிதாக எவரேனும் வந்துள்ளனரா என்று விசாரித்துப் பெயர் எழுதினர். ஸியாதின் ஆளுகையில் பஸ்ராவில் 80,000 வீரரும் அவர்தம் குடும்பத்தார் 1,20,000 பேரும், கூஃபாவில் 60,000 வீரரும் குடும்பத்தார் 80,000 பேரும் பதிவாகியிருந்தனர் என்கிறார் பலாதுரீ. ஆனால் குழந்தைக்குரிய தொகை மீண்டும் பால்குடி மறந்தபின் என்றாகி, அப்துல் மலிக் காலத்தில் அவர் விரும்பியோர்க்கன்றி மற்றவர்க்கு அறவே நின்றது என்றும் அவரே எழுதுகிறார். அந்தத் தாயின் அழுகுரல் அரை நூற்றாண்டுக்குள் மறக்கப்பட்டுவிட்டது.

அதனினும் பெரிய தவறு வேறொன்று. பாரசீகரும் பிறரும் திரள்திரளாக இஸ்லாத்தில் இணைந்தனர். ‘மவாலி’ என்றழைக்கப்பட்ட இவர்கள்தாம் ஹஷ்ர் அத்தியாயம் கூறிய, பின்னால் வந்தோர். இவர்களுக்குப் பதிவேட்டில் இடமளித்தால் செலவு கூடும். இஸ்லாத்தில் சேர்ந்ததால் ஜிஸ்யா நின்று வரவு குறையும். கணக்கு இரு முனையிலும் இடித்தது. இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் கண்ட வழி, நகரங்களுக்கு வந்த புது முஸ்லிம்களைப் பிடித்துக் கிராமங்களுக்கே திருப்பியனுப்பி, பழைய வரியையே வாங்குவது. திருப்பியனுப்பப்பட்டோரின் கையில் ஊர்ப்பெயரைப் பொறித்தான் என்றும் எழுதியுள்ளனர். பதிவேட்டில் இருந்த அரபிகளையும் அவன் விடவில்லை. முஸ்அப் இப்னு ஸுபைர் கூட்டியிருந்த 100 திர்ஹத்தை அவன் வெட்டியதால் பஸ்ராவில் இப்னுல் ஜாரூதின் கலகம் மூண்டது. பயன் என்ன? உமர் (ரலி) காலத்தில் 10 கோடி திர்ஹத்துக்குக் குறையாதிருந்த ஸவாதின் வருவாய், ஹஜ்ஜாஜின் காலத்தில் 1 கோடியே 80 லட்சமாக வீழ்ந்தது என்பது பழைய நூலாசிரியர்கள் தரும் கணக்கு. அக்கணக்கில் ஹஜ்ஜாஜின்மீதான வெறுப்பும் கலந்திருக்கலாம். எனினும் வீழ்ச்சியை எவரும் மறுக்கவில்லை. உழவன் ஓடிப்போன நிலம் எதைத் தரும்?

கி.பி. 717 இல் ஆட்சிக்கு வந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இம்முடிச்சை அவிழ்க்க முயன்றார்கள். குராஸானில் 20,000 மவாலிகள் ஊதியமும் தானியப்படியுமின்றிப் போரிடுகின்றனர் என்று அன்னாரிடம் முறையிடப்பட்டது. இஸ்லாத்தைத் தழுவியோரிடம் ஜிஸ்யா வாங்கலாகாது என்று கட்டளையிட்டார்கள். வரவு குறையுமே என்ற ஆளுநர்களின் முறையீட்டுக்கு, நபிகளார் வழிகாட்டியாய் அனுப்பப்பட்டார்கள், வரி வசூலிப்பவராய் அல்லர் என்ற கருத்தில் விடையளித்தார்கள். அதே கையால், ஹிஜ்ரி 100 முதல் கராஜ் நிலங்களை விற்பதற்கும் தடை விதித்தார்கள். ஒருபுறம் வாயிலைத் திறந்து, மறுபுறம் ஊற்றைக் காத்த இச்செயலில் பாட்டனாரின் கைவண்ணம் தெரிகிறது. (தாய்வழியில் உமர் (ரலி) அவர்களின் வழித்தோன்றலல்லவா!) இரண்டரை ஆண்டுக்குள் அன்னாரும் மறைந்தார்கள்.

பிறகு நடந்தவற்றை விரைந்து கூறிவிடலாம். 743 இல் பட்டமேறிய இரண்டாம் வலீத், மக்களின் நல்லெண்ணத்தைப் பெறவேண்டி அனைவரின் தொகையையும் பத்துப் பத்துத் திர்ஹம் உயர்த்தினார். தேர்தலே இல்லாத காலத்திலும் இப்படியொரு வழக்கம் இருந்திருக்கிறது! அடுத்த ஆண்டே அவரைக் கொன்று ஆட்சியைப் பிடித்த மூன்றாம் யஸீத் அந்த உயர்வை வெட்டினார். ‘நாகிஸ்’, அதாவது குறைத்தவர், என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்தது. ஆறு மாத அளவே ஆண்ட அவர் செய்த வேறு எதையும் மக்கள் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பாஸிய ஆட்சியில் குராஸானியரும் பின்னர் துருக்கியரும் படையில் நிறைந்தனர். பதிவேட்டில் பெயருள்ளவர் போருக்குச் செல்வதில்லை. போருக்குச் செல்பவருக்கு அந்தப் பழைய பதிவேட்டில் பெயரில்லை. முன்னோரின் தியாகத்துக்காகப் பெற்ற தொகை, பேரப்பிள்ளைகளின் கையில் வெறும் உரிமைச் சீட்டாகியிருந்தது. பின்னால் வந்தோரை உள்ளே விட்டிருந்தால், பதிவேட்டைக் காக்க நாடே திரண்டிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தோர் சிறுபான்மையாகித் தனித்து நின்றனர். எனவேதான் அதனை முடிக்கப் பெரும்போர் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கடிதமே போதுமானதாயிற்று.

ஹிஜ்ரி 218 இல், கி.பி. 833 இல், கலீஃபா முஃதஸிம் மிஸ்ரின் ஆளுநர் கைதருக்கு அக்கடிதத்தை எழுதினார். அரபிகளின் பெயர்களைத் திவானிலிருந்து நீக்கிவிடுக, அவர்களின் உதவித்தொகையை நிறுத்திவிடுக என்பது கட்டளை. எந்த நாட்டில் குழந்தை பிறந்ததா என்று காலைதோறும் கேட்டுப் பெயர் எழுதினார்களோ, அதே நாட்டில் பெயர்கள் அடிக்கப்பட்டன. லக்ம், ஜுதாம் குலத்தார் யஹ்யா இப்னுல் வஸீர் அல்ஜரவீயின் தலைமையில் கிளர்ந்தெழுந்து, எங்கள் உரிமை பறிபோயிற்று என்று முழங்கினர். அடுத்த ஆண்டே அக்கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது, யஹ்யா சிறைப்பட்டார்.

அதன்பின் மிஸ்ரின் அரபிகள் உழவுக்கும் வணிகத்துக்கும் சென்றனர். கிராமத்து மக்களோடு கலந்தனர். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் அபூஸுஃப்யான் (ரலி) அவர்கள் எதனைக் கைவிட்டுவிடுவர் என்று அஞ்சினார்களோ, அந்தத் தராசை அவர்களின் வழிவந்தோர் மீண்டும் கையிலெடுத்தனர். அந்நாட்டின் பழைய கல்லறைக் கற்களைப் படித்த ஆய்வாளர்கள், அந்த நூற்றாண்டின் போக்கில் இறந்தவரின் பெயரோடு குலப்பெயர் பொறிப்பது குறைந்து, ஊர்ப்பெயர் பொறிப்பது பெருகியதைக் கண்டுள்ளனர்.